கருவாடு பாட்டுக் குழுவின் மூன்றாவது ஆளுக்கு

என் உயிரான அம்மாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஜூட் லண்டனில் இருந்து ரெலிபோன் எடுத்தான். சுகமோ, சாப்பிட்டீங்களோ என்று ஒரு சொல் இல்லை. எடுத்த உடனேயே, "அக்கா, இஞ்ச பஸ்ஸில ஒரு கிழவி உங்கட நியூயோர்க்காரரின்ர பேர் அடிச்ச சேட்டுப் போட்டுக்கொண்டு போகுது. அதுக்கு அவையின்ர ஒரு பாட்டும் தெரியாது, நான் கேட்டுப் பாத்தனான். இதுதானோ உங்கட உலக மகா குழு?" என்றான். நான் விடுவேனா? "சேட்டுப் போட வைக்கிறதுக்கும் ஒரு கெட்டித்தனம் வேணுமடா" என்றேன். காசு தீர்ந்து லைன் அறுபடும் வரைக்கும் சண்டைதான். றிசீவரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தீர்ப்புச் சொல்ல நீங்கள் அங்கே இல்லை. அதுதான் எழுதுகிறேன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும், அம்மா. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன். கோபிக்காதையுங்கோ.

சமாதானம் என்று சொல்லி யுத்தத்தை நிறுத்திப் பாதை திறந்த 2002ஆம் வருஷம், லண்டனில் இருந்து மாமாவின் மகன் றொபின் எங்கள் தீவுக்கு, கரம்பொனுக்கு வந்தான். முழங்காலில் பெரிய கிழிசலோடு ஒரு ஜீன்ஸ் போட்டிருந்தான். பெடியன் அங்கே கஷ்டப்படுகிறான் என்று நினைத்து, அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரம் நீங்கள் அதை அழகாகத் தைத்து, மடித்து, கதிரையில் வைத்துவிட்டீர்கள். அவன் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுக்கொண்டான். நானும் ஜூட்டும் குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறதா? போகும்போது உங்கள் கருவாட்டுக்கும் பனங்கிழங்கு ஒடியல் மாவுக்கும் பெட்டியில் இடம் வேண்டும் என்று, கொண்டுவந்த கசெற்றுகளை எல்லாம் எங்கள் வீட்டில் கொட்டிவிட்டுப் போனான். எல்லாம் பங்க் றொக். அந்தச் சொல்லையே நாங்கள் அப்போதுதான் கேள்விப்பட்டோம்.

அந்தக் குழுக்களின் பெயர்கள் உங்கள் வாய்க்குள் நுழையவில்லை. லண்டன்காரர், நியூயோர்க்காரர் என்று ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. ஜூட் லண்டன் கட்சி. நான் நியூயோர்க் கட்சி. ரேப் றெக்கோடருக்கு பற்றரி வாங்கிக் கட்டாது. பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து, கருவாட்டுக்குப் பக்கத்தில் காகம் தூக்காமல் காவல் இருந்து, திரும்பப் போட்டுக் கேட்போம். பற்றரி இறங்க இறங்கப் பாட்டும் மெதுவாகி, கடைசியில் பூசைப் பாட்டு மாதிரி இழுக்கும். அப்போது மட்டும் நீங்கள் கூடச் சேர்ந்து முணுமுணுப்பீர்கள்.

ஒருநாள் நீங்கள் முற்றத்தில் இருந்து சூடை மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் இரண்டு பேரும் உங்களுக்கு இரண்டு பக்கமும்.

"அவையின்ர எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுத்தானே, அக்கா" என்றான் ஜூட்.

"அதிலதானடா விஷயமே இருக்கு. கொஞ்சச் சுரம், ரெண்டு நிமிஷம், முடிஞ்சுது. நாளைக்கு நீயும் அடிக்கலாம்."

"அடிக்கலாம். ஆனா என்னத்துக்கு? லண்டன்காரர் தங்கட அரசாங்கத்தைப் பாத்துக் கத்தினவை. உங்கட ஆக்கள் சும்மா பகிடிக்கும் பம்பலுக்கும் கத்தினவை."

"என்ர ஆக்கள் இல்லாட்டி உன்ர ஆக்கள் கிற்றாரே தூக்கியிருக்க மாட்டினம்!"

நீங்கள் உப்புக் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தீர்கள். "பெரிய ஆள் எண்டுறது வேற. மற்றவையைக் கிளப்பி விட்ட ஆள் எண்டுறது வேற. நீ ஒண்டைப் பேசுறாய், அவன் மற்றதைப் பேசுறான். முதல் அதைப் பிரியுங்கோ, பிறகு அடிபடுங்கோ."

பிறகு ஜூட் கையில் அகப்பட்ட ஒரு கசெற்றைப் போட்டான். அதில் பெட்டையள் மட்டும் பாடினார்கள். தாளம் ஒரு பக்கம், கிற்றார் ஒரு பக்கம். நாங்கள் இரண்டு பேரும் முகத்தைச் சுழித்தோம். நீங்கள் மீனை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு சொல்லும் உங்களுக்கு விளங்கியிருக்காது. முடிந்ததும், "இவளவைதான் பெரிய ஆக்கள்" என்றீர்கள்.

"அம்மா, அவளவைக்கு வாசிக்கவே தெரியேல்ல!"

"ஓம். வாசிக்கத் தெரியாமலே வந்து நிண்டிருக்கிறாளவை. குரலில பயம் கேக்குது. பயத்தோட நிண்டு இவ்வளவு சத்தம் போடுறதெண்டா லேசோ?"

"கள்ளத் தீர்ப்பு" என்று ஜூட் கத்தினான். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

குழு தொடங்கியதும் அந்த முற்றத்தில்தான். ஜூட்டிடம் கோயில் கிற்றார், எனக்குப் பள்ளிக்கூட பாண்டின் பழைய ட்ரம்மும் ஒரு மீன் பெட்டியும். பழகுகிற நேரமெல்லாம் மூக்குக்குள் ஒரே மணம். அதனால் கருவாடு என்று பெயர் வைத்தோம். சொந்தமாக ஒரு பாட்டும் கட்டினோம். வேறு எதைப் பற்றிக் கட்ட? எங்கள் ஐயா கடல் தொழிலுக்குப் போகும்போதும் துறையில் நேவிக்காரரின் சென்றியில் அனுமதிப் பாஸ் காட்ட வேண்டும், வரும்போதும் காட்ட வேண்டும். அதுதான் பாட்டு.

விடியக் கடலுக்குப் போறன் - பாஸ் எங்க?
பொழுதுபட வீட்டை வாறன் - பாஸ் எங்க?
வலைக்குள்ள வந்த மீனே - உன்ர பாஸ் எங்க?

ஜூட் ஒரு வரியைக் கத்த, "பாஸ் எங்க" என்று நான் ட்ரம்மோடு கத்த வேண்டும். எனக்குக் குரல் எழும்பாது. ட்ரம்முக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அடிக்கத்தான் எனக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலிக்கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த நீங்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாஸ் எங்க!" என்று ஒரு சத்தம் வைத்தீர்கள். பக்கத்து வளவு நாய் எழும்பி ஓடியது. கோயில் பாடகர் குழுவின் முதல் குரல் அது. அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேர்.

அந்த வருஷப் பெருநாளுக்கு இளம் ஆட்களின் கலை நிகழ்ச்சியில் எங்கள் பெயரையும் கொடுத்தோம். இரண்டாம் நாளே கோயில் சபைத் தலைவர் சூசைப்பிள்ளை மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லத் தெரியாமல் முழுசிக்கொண்டிருந்தார்.

"பிலோமினா, மாதா கோயில் மேடையில கருவாடு எண்டு அறிவிக்கிறதோ?"

"அண்ணை, மாதாவின்ர மகனோட திரிஞ்சவையெல்லாம் மீன் பிடிக்கிற ஆக்கள்தானே."

"அது சரி. ஒரு குமர்ப்பிள்ளை மேளம் அடிக்கிறதோ?"

"அவள் நல்லா அடிப்பாள். கேட்டுப் பாருங்கோவன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தப் பாட்டுத்தான் பிள்ளை. மதிலுக்கு அங்கால சென்றி. சமாதானம் எவ்வளவு நாளைக்கு எண்டு ஆருக்குத் தெரியும்?"

"பாட்டில பொய் இருந்தாச் சொல்லுங்கோ, இப்பவே நிப்பாட்டிறன்."

"பொய் இருந்தா நான் ஏன் பயப்பிடுறன்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, இல்லையா அம்மா? இடம்பெயர்ந்து போய்த் தொண்ணூற்றாறில் நாங்கள் திரும்பி வந்தபோது கூரை இல்லாமல் நின்ற வீடுகளை அவரும் பார்த்தவர். பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் களைத்த தலைமுறை அது. நிகழ்ச்சியில் இருந்து எங்கள் பெயரை வெட்டிவிட்டார். ஜூட் அழுதான். நீங்கள் அவனுக்குச் சோறு போட்டீர்கள்.

பெருநாள் பின்னேரம் சனம் நிறைந்திருந்தது. ஊர்காவற்றுறையில் இருந்தும் வந்திருந்தார்கள், வெளிநாட்டில் இருந்து வந்த சனமும் நின்றது. உங்கள் முறை வந்தது. வழக்கமாக நீங்கள் பாடுகிற மாதா பாட்டுக்கு எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மைக்குக்கு முன்னால் வந்து, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "இந்த முறை நான் என்ர பிள்ளையளோட பாடப் போறன்" என்றீர்கள். எங்களுக்கே அப்போதுதான் தெரியும்! ஜூட் கிற்றாரைத் தேடி ஓடினான். நான் அவசரத்தில் ட்ரம்மைத் தூக்கும்போது ஒரு கழி கீழே விழுந்தது. நீங்கள்தான் குனிந்து எடுத்துத் தந்தீர்கள்.

ஜூட் முதல் வரியைக் கத்தினான். நீங்கள் "பாஸ் எங்க!" என்றீர்கள். சனம் ஆளை ஆள் பார்த்தது. இரண்டாவது தரம் எங்கோ பின்னால் ஒருவர் சிரித்தார். மூன்றாவது தரம், முன்னால் பாயில் இருந்த கடல் தொழிலாளி வீட்டுப் பெண்கள் உங்களோடு சேர்ந்து கத்தினார்கள். அதற்குப் பிறகு எங்களுடைய சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. பாட்டு இரண்டு நிமிஷம்கூட இல்லை. முடிந்தபோது சூசைப்பிள்ளை மாமா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் அவருடைய வாயும் அசைந்ததை நான் கண்டனான்.

அடுத்த நாள் காலை நேவி முகாமுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. "பாட்டு ஆற்ற? ஆர் கட்டினது?" என்று கேட்க, ஜூட் வாயைத் திறப்பதற்கு முன் நீங்கள் "என்ர" என்றீர்கள். உங்களோடு சூசைப்பிள்ளை மாமா வந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை. தானாகச் சேட்டை மாற்றிக்கொண்டு வந்து வாசல் படலையில் நின்றார். அந்தக் காலை எப்படிப் போனது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஐயா வலையைக் கையில் எடுப்பார், வைப்பார். மத்தியானம் திரும்பி நீங்கள் வந்து, செருப்பைக் கழற்றி, முதலில் செம்பில் தண்ணீர் குடித்தீர்கள்.

"என்னம்மா கேட்டவை?"

"பாஸ் எங்க எண்டு ஏன் பாடினனீங்கள் எண்டு கேட்டவர் முகாம் பெரியவர். நீங்கள் ஒவ்வொரு நாளும் எங்களுக்குப் பாடுறியள், நாங்கள் ஒருக்காத் திருப்பிப் பாடினனாங்கள் எண்டு சொன்னனான்."

"சிரிச்சவரோ?"

"மொழிபெயர்த்தவன் சிரிச்சான். பெரியவர் சிரிக்கேல்ல. இனிப் பாட வேண்டாம் எண்டு சொல்லி அனுப்பிப்போட்டார்." பிறகு குசினிக்குள் போய்விட்டீர்கள். அடுப்படியில் மூன்று நெருப்புக்குச்சியை உரசி முறித்துவிட்டு, நாலாவதில்தான் அடுப்பு மூட்டினீர்கள்; நீங்களும் பயந்துதான் போயிருந்தீர்கள். அன்றைக்குத்தான் அந்தப் பெட்டையளின் கசெற்றைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு விளங்கியது. என் கட்சியை விட்டு உங்கள் கட்சிக்கு வந்ததும் அன்றைக்குத்தான். ஜூட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. சண்டை நின்றுபோய்விடுமே!

நாங்கள் திரும்ப மேடையில் பாடவில்லை. ஆனால் அடுத்த வருஷம் வேலணைப் பெட்டையள் சிலர், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வராததைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட மேடை ஏறினார்கள். கிற்றார்கூட இல்லை, வாளியில் தட்டினார்கள். நீங்களும் நானும் பஸ் பிடித்துப் போய்க் கேட்டோம். திரும்பி வரும் வழியில் பஸ் ஜன்னலால் வெளியில் பார்த்துக்கொண்டு, "கிளப்பி விட்டிட்டம் என்ன?" என்று நீங்கள் மெல்லக் கேட்டீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னம் கண்டதில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். யுத்தம் திரும்பத் தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். பெடியன்களை வீட்டில் வைத்திருக்க ஏலாத காலம் வந்தது. ஜூட்டைக் கப்பலில் திருகோணமலைக்கு அனுப்பி, அங்கிருந்து கொழும்பு, அங்கிருந்து லண்டன். துறையில் நீங்கள் அழவில்லை. "போய் உன்ர ஆக்களைப் பாத்து, அக்காதான் சரியெண்டு ஒத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பினீர்கள். அடுத்த வருஷமே உங்களுக்கு நெஞ்சுநோ வந்தது. பெரியாஸ்பத்திரியில் செய்யக்கூடியதைச் செய்தார்கள். கொழும்புக்குக் கொண்டுபோக வழி கிடைக்கும் முன்னமே நீங்கள் போய்விட்டீர்கள். அதைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். எழுதினால் கோபம் வரும், கோபத்தில் எழுதியதை நீங்கள் கிழித்துப்போடுவீர்கள்.

உங்களை அடக்கச் சவக்காலைக்குப் போகும்போது பாண்ட் வாசிக்க ஆள் பத்தவில்லை. பெடியன்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். சூசைப்பிள்ளை மாமா ட்ரம்மைக் கொண்டுவந்து என் தோளில் மாட்டி, வாரை இறுக்கி, "நட பிள்ளை" என்றார். உங்களுக்கு முன்னால் அடித்துக்கொண்டு நடந்தேன், அம்மா. ஒரு குமர்ப்பிள்ளை மேளம் அடிக்கிறதோ என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

இனிப் புதினம் சொல்கிறேன். ஜூட் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். அங்கே கோப்பை கழுவுகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவன், சின்ன வயதில் லண்டன்காரரை நேரே பார்த்தவனாம். எந்தக் குழு பெரிது என்று இரண்டு பேருக்கும் ஒவ்வொரு நாளும் வாக்குவாதம். கடைசியில் ஜூட், "எல்லாத்திலும் பெரிய குழு கரம்பொனில இருந்தது" என்றானாம். எத்தனை பாட்டு என்று அவன் கேட்க, ஒன்று என்றானாம். எத்தனை கச்சேரி? ஒன்று. யார் பாடினது? அம்மா. கிழவன் கோப்பையை வைத்துவிட்டு, "அப்ப நான் தோத்துப்போனன்" என்று கையைக் கொடுத்தானாம். இதைச் சொல்லும்போது ஜூட் இருமுகிற மாதிரி நடித்தான்.

யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஐயா இப்போதும் பாஸோடுதான் கடலுக்குப் போகிறார். வன்னியில் இருந்த எங்கள் ஆட்கள் இன்னும் அகதி முகாமில் இருந்து வரவில்லை. வராதவர்களின் பெயரை நாங்கள் சத்தமாகச் சொல்வதில்லை.

வருகிற பெருநாளுக்குப் பாடகர் குழுவில் முன்னுக்கு நிற்க ஆள் இல்லை என்று சுவாமியார் என்னிடம் கேட்டார். ட்ரம்முக்குப் பின்னால் இருந்து பழகியவள் நான், ஏலாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஓம் என்று வந்துவிட்டது. என் குரல் உங்கள் குரல் மாதிரி இல்லை, கரகரத்த குரல். பழகும்போது சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு ஜூட் ரெலிபோனில் கேட்டுக்கொண்டிருப்பான். பிழை விடுகிற இடத்தில் நிற்பாட்ட மாட்டேன், அம்மா, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடுவேன்.

உங்கள் வயிற்றில் பிறந்ததைத் தலை நிமிர்ந்து சொல்கிற
மூத்த பெட்டை,
றெஜினா
கரம்பொன், 2009