இடது பக்கம் மட்டும்

3 மார்ச் 2025
காலையில் வாய் கொப்பளித்ததும் உயிர் போகிற கூச்சம். மேல்வரிசை, இடதுபுறம், ஈறோரம். ஆறு நாளாக இப்படித்தான். எழுபத்து நான்கு வயதில் முப்பது பற்கள் சொந்தமாக வைத்திருப்பவள் நான். தண்ணீர்தான் காரணம். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் திறந்துவிடும் ஆஞ்சப்பன் ஆறு மணிக்கு விட வேண்டியதை என்றைக்கும் ஆறு பத்துக்குத்தான் விடுவான். இப்போது ஒகேனக்கல் தண்ணீருக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஏற்றுகிறான். கேட்டால், "இல்லம்மா, ஒகேனக்கல் தண்ணிதான் வுட்டேன்" என்கிறான். பொய்!

5 மார்ச்
வாசல் அறிவிப்புப் பலகையில் என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டினேன்: ‘ஆஞ்சப்பன் விடும் தண்ணீரால் பல் கெடுகிறது. பொய்யும் சொல்கிறான்.’

8 மார்ச்
சங்கச் செயலாளர் தங்கதுரை அவனை நிறுத்திவிட்டார். ஏழு வருட வேலை. "மேரிராணியம்மா எழுதிட்டாங்கன்னா அப்பீலே கிடையாது" என்றாராம். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

15 மார்ச்
புது ஆள் வந்து ஒரு வாரம். அதே கூச்சம்.

17 மார்ச்
பல் மருத்துவர் ஜெயப்ரியா. முப்பது வயதுகூட இராது. கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினாள். பல்லும் ஈறும் சேருமிடத்தில் கோடாலியால் வெட்டியது போல் பள்ளம்.

"இது வேரும்மா. ஈறு விலகி வெளிய வந்துருச்சு. மேல இருந்த மெல்லிசான பூச்சு தேஞ்சுபோய் பல்லோட உள் அடுக்கு, டென்டின், தெரியுது."

கணினியில் நுண்ணோக்கிப் படம் ஒன்று. கல் போலிருக்கும் என்று நினைத்தேன். சல்லடை! குண்டூசித் தலையளவு இடத்தில் பல்லாயிரம் துளைகள். ஒவ்வொன்றும் நரம்பு இருக்கும் பக்கம் போகும் குழாயாம். உள்ளே நீர். குளிர் பட்டால் அந்த நீர் அசையும், நரம்பு சுண்டும்.

"தண்ணீர்தானே காரணம்?" என்றேன்.

"தண்ணி ரெண்டு பக்கமும்தானேம்மா போகுது? உங்களுக்கு இடது பக்கம் மட்டும் ஏன் குழி? வலது கையால அழுத்தித் தேய்க்கிறவங்களுக்கு இடதுதான் அதிகம் தேயும். நீங்க எப்படித் தேய்ப்பீங்க?"

நூறு தடவை. குறுக்காக. சின்ன வயதில் போர்டிங் பள்ளியில் சிஸ்டர் விசில் வைத்து எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் காலைக் கஞ்சி கிடையாது.

திமிர் பிடித்த பெண். எழுந்து வந்துவிட்டேன்.

18 மார்ச்
தேய்க்கும்போது எண்ணினேன். நூறு.
என் வீட்டுக்காரர் இருந்தபோது, "அங்க என்னடி, ரம்பம் போடறியா?" என்பார். இரண்டு நாள் அவரோடு பேச மாட்டேன். அந்த மனுஷருக்குக் காது கேட்டிருக்கு. எனக்கு? ஏழு வருஷம் உழைச்சவனைப் பொய்யன்னு — நான்! ச்சீ.

21 மார்ச்
பஸ் பிடித்து ஆஞ்சப்பன் ஊரான வேப்பனப்பள்ளிக்குப் போனேன். ஆஞ்சப்பன் நாற்காலி போட்டு, மோர் கொடுத்தான். தப்பு என்னுடையது என்றேன். அவன் முகம் இளகவில்லை.

"இங்க வந்து காதுல சொன்னா எப்படிம்மா? பொய்க்காரன்னு நூத்திருபது வூடும் படிச்சாங்க. அதே போர்டுல எழுதுங்க, வர்றேன்."

என்ன அகம்பாவம்! ஓசூர் வரும்வரை கொதித்தேன்.

22 மார்ச்
மூன்று தாள் கிழித்தேன்.

24 மார்ச்
தப்பு என்னுடையது என்று அதே பலகையில், என் பெயர் போட்டு ஒட்டிவிட்டேன். தங்கதுரை, "உங்க பேரு வேணாமேம்மா" என்றார். அவன் பெயரைப் போட்டபோது வேண்டாம் என்றாரா இவர்? கேட்டேன்.

1 ஏப்ரல்
மிருதுவான பிரஷ். ஈறிலிருந்து கீழ்நோக்கி. எண்ணவில்லை.
தண்ணீர் ஆறு பத்துக்கு வந்தது. வாய் கொப்பளித்தேன்.