சந்தனம் அடைத்த துளைகள்

என் பிரியமான அப்பாவுக்கு,

வாசிக்கத் தெரியாத உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். தோணி வேலை முடிந்து டீக்கடையில் யாராவது பேப்பர் வாசிக்க, நீங்கள் நின்று கேட்பீர்கள். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். அந்தக் கடையில் யாராவது இதையும் வாசிக்காமலா போவார்கள்?

புதுத் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. இரும்புத் தகட்டை நெருப்பால் வெட்டுகிற மிஷின் அங்கே இருக்கிறது. அது எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை நான் எண்களாக எழுதி, நீளமான காகித நாடாவில் துளைகளாகப் போடுகிறேன். துளைகளைப் படித்து மிஷின் தானே வெட்டும். படகுக்குப் பெயர், கடைக்கு போர்டு, எல்லாம். நான் மாடியில், மிஷின் கீழே. பெண்பிள்ளை ஷெட்டுக்குள் வரக் கூடாதாம். நான் எழுதியதை அது வெட்டுவதை இன்னும் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்கு மாலை போட்டார்கள். மறுநாள் ஒரு இழுவைப் படகின் பெயரை வெட்டினார்கள். பாதி எழுத்தில் நெருப்பு திரும்பாமல், தகட்டின் ஓரம்வரை நேராகப் போய்விட்டது. புதுத் தகடு. குற்றம் யார்மேல்? மாடியில் இருப்பவள்மேல். ஒன்றாம் தேதியிலிருந்து டைப் அடிக்கிற மேஜைக்குப் போகச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

கீழேயிருந்து திரும்பி வந்த நாடாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சில துளைகளில் வெளிச்சம் வரவில்லை. காய்ந்த சந்தனம். மிஷின் ஓட்டுகிற அண்ணாச்சி சாப்பிட வெளியே வந்தபோது கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஏளா, நாடாதான மிஷினுக்கு மூளை. அதுக்குப் பொட்டு வைக்காம விட்டா சாமி கேக்காதா?"

சந்தனம் துளையை அடைத்துவிட்டது என்றேன். சிரிப்பு நின்றது.

"சாமி சந்தனத்தையா குத்தம் சொல்லுத?"

மேனேஜரிடமும் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். அவர் "என்னம்மா?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் "என்னம்மா?" என்றார். அதற்குள் போன் அடித்தது. என் குரல் என் பல்லைத் தாண்டவில்லை, அப்பா. இந்த எரிச்சலை யார்மேல் காட்ட? அவர்மேலா, என்மேலா? கணக்கில் பட்டம் வாங்கினேனே, வாயைத் திறக்க எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்?

அதே எண்களை வைத்துப் புது நாடா போட்டுவிட்டேன். ஒரு துளையைக்கூட மாற்றவில்லை. ஒன்றாம் தேதி காலையில் அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நானே இறங்குவேன். கழிவுத் தகட்டிலாவது என் கண்முன்னால் ஓட்டிப் பாருங்கள் என்று கேட்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ஒன்று கேட்கவா? இவ்வளவு நேரம் அதைக் கேட்கத்தான் சுற்றி வந்தேன். தோணியில் நின்று "ஏலே, கயித்த விடுலே" என்று நீங்கள் கூப்பிட்டால், காற்றையும் கப்பல் சங்கையும் தாண்டிக் கரையில் எனக்குக் கேட்கும். கீழே அந்த மிஷின் ரொம்பச் சத்தம் போடுமாம். அந்தக் குரலை ஒரு காலை நேரத்துக்கு எனக்குத் தாருங்கள்.

உங்கள் மூத்த மகள்