மேசைக்குக் கீழே எரிந்த திரி

அப்பா,

நுளம்புத்திரியின் மணம் வலைக்குள்ளும் வந்துவிட்டது. அம்மா இப்போதுதான் கொளுத்தினார். விறாந்தையில் ஒன்று, தன்னுடைய அறையில் ஒன்று, முன்அறையில் மீன்தொட்டி மேசைக்குக் கீழே ஒன்று. எனக்கு நுளம்பு கடிக்காமல் வலை கட்டியிருப்பதால் இந்த அறையில் திரி இல்லை. வலையின் நாலு பக்கத்தையும் மெத்தைக்குக் கீழே செருகி, "விடியும்வரைக்கும் வெளியில வரப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே குந்தியிருந்து டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவதைக் கண்டால் அம்மா ஏசமாட்டார், அழுவார். அதற்குத்தான் பயம்.

உங்களுக்கு இந்த மணம் பிடிக்காது. அம்மா திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாலே, "புகை போட நான் என்ன மாசிக்கருவாடோ?" என்று கேட்டு மின்விசிறியைக் கூட்டிவிடுவீர்கள். நான் நித்திரையில் காலை வலையில் முட்டிக்கொண்டு கிடந்தால், "நுளம்புக்கு இடியப்பம் வைக்கிறியோ?" என்று காலை உள்ளே தள்ளிவிட்டுப் போவீர்கள். நீங்கள் மட்டும் வலைக்குள் படுத்ததில்லை.

தொட்டி வந்த நாளை நினைத்துக்கொண்டிருந்தேன். உப்புவெளியில் விடுதிக்காரர் ஒருவரின் படகு இஞ்சினைத் திருத்தப் போன இடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருந்த தொட்டியை, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"சுத்திவரக் கடல். கடற்கரை வாடிக்குப் போனாலும் மீன், வீட்டை வந்தாலும் மீன்குழம்பு. இவருக்கு மீன் பார்க்கப் பெட்டி வேணுமாம்."

"இஞ்சேரும், அதெல்லாம் உழைக்கிற மீன். இது சும்மா இருக்கிற மீன்" என்றீர்கள்.

உங்களுக்கும் மீன் வளர்க்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. குழாய்த் தண்ணீரை நிரப்பி அன்றைக்கே மீன்களை விட்டோம். அவை மேலே வந்து வாயைப் பிளந்ததும் நீங்கள் பதறிப்போனீர்கள். தண்ணீரை மாற்றினீர்கள், தீனியை மாற்றினீர்கள், கடையில் தந்த நீல மருந்தை ஊற்றினீர்கள், கடைசியில் உப்பும் போட்டீர்கள். எல்லாமே செத்துப்போயின. எதனால் என்று நான் கேட்டேன். ஈரக் கையோடு நின்று யோசித்தீர்கள்.

"இப்ப எப்பிடித் தெரியும்? எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திப்போட்டனே. இஞ்சினுக்கு இப்பிடிச் செய்திருந்தா படகுக்காரன் என்னைக் கடலுக்கை தள்ளியிருப்பான்."

அதற்குப் பிறகுதான் இஞ்சினுக்குச் செய்வதை மீனுக்கும் செய்தோம். "ஒண்டை மாத்து. பிறகு சத்தத்தைக் கேள்." மீனுக்கு ஏது சத்தம் என்று நான் சிரித்தேன். தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றப் பழகினோம். அடுத்து வாங்கிய நாலும் தங்கிவிட்டன. அவற்றுக்கு இஞ்சின்களின் குதிரைவலுவையே பெயராக வைத்தீர்கள். கொழுத்த கறுப்பு மீன் நாற்பது. செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு, பெரியது இருபத்தைந்து, சிறியது பதினைந்து. வால் மட்டும் பெரிதாக இருந்த கப்பி எட்டு. "எட்டுக்குச் சத்தம்தான் கூட, இழுவை இல்லை" என்று சொல்லி நீங்களே சிரித்தீர்கள். குமிழி விடும் சின்ன மோட்டரை மேசைக்குக் கீழே வைத்து, அது அதிராமலிருக்கப் பழைய செருப்பொன்றை வெட்டி அடியில் கொடுத்தீர்கள். அந்தச் செருப்புத் துண்டு இன்னும் இருக்கிறது.

மாரியில் உங்களுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் விட்ட அன்று எழும்பி இருந்து கஞ்சி குடித்தீர்கள். "எட்டர் எப்பிடி இருக்கிறார்? சாப்பாடு கனக்கப் போடாதை" என்றீர்கள். காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று நேர்ஸ் ஒருவர் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது, விளங்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிப்போக மாமா வந்தார். அவர் ஒருநாளும் என்னைக் கூட்ட வந்ததில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் போன பிறகு, அம்மா கடைக்குப் போய் ஒரு பை நிறைய நுளம்புத்திரி வாங்கி வந்தார். பொழுது பட்டதும் யன்னல்களை அடைப்பார். செபமாலை முடிந்ததும் திரிகளைக் கொளுத்துவார். சில நாள் நெருப்புக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்டைக்கே கொளுத்தியிருந்தா..." என்று தொடங்குவார். முடிக்கமாட்டார்.

மீன்களுக்கு வருத்தம் வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் நான் அப்போது அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. காலையில் எழும்பிப் பார்த்தால் நாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். திடீரென்று வெருண்டதுபோல ஓடிக் கண்ணாடியில் மோதும், பிறகு ஒரு பக்கமாகச் சரியும். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது கொஞ்சம் தெளிந்திருக்கும். அடுத்த காலையில் திரும்பவும் அதேதான். மேலில் வெள்ளைப் புள்ளி இல்லை, செட்டை அரிக்கவில்லை, வயிறு வீங்கவில்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தண்ணீரைப் பார் என்றார். வாளியில் ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். தீனியைக் குறைத்துப் பார்த்தேன். கல்லை எல்லாம் எடுத்துக் கழுவிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத்தான் செய்தேன், அப்பா. ஒன்றுமே சரிவரவில்லை. முதலில் நாற்பது செத்தது. ஆகப் பெரியதுதான் தாங்கும் என்று நினைத்திருந்தேன்.

மாமா வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தார். "எனக்குச் செத்த மீனைத்தான் தெரியும் பிள்ளை. கொஞ்சம் ஐஸ் போட்டுப் பாரன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். மாமிதான் சிரிக்கவில்லை. "வளர்த்தவரைத் தேடுதுகள். ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போகுங்கள்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மாமி சொன்னது பொய் என்று பகலில் தெரியும். இரவில் அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது. என்ன புதிதாக மாறியது என்று நீங்கள் கேட்பீர்கள் அல்லவா? எவ்வளவு யோசித்தும் ஒன்றுதான் மாறியிருந்தது. நீங்கள் இல்லை. மீன்கள் முடிந்த பிறகு அடுத்தது இந்த வீட்டில் யார் என்று யோசித்தேன். அம்மா இருமினால் எழும்பி இருந்தேன்.

பிறகு பதினைந்து செத்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த கோப்பையை வைத்தார். "இனி ஒண்டு செத்தாலும் தொட்டியை ஆருக்கும் குடுத்துடுவன். இந்த வீட்டில ஒண்டு சாகிறதை இனி நான் பார்க்க ஏலாது" என்றார். அம்மா சொன்னால் செய்வார். அது உங்களுக்கே தெரியும்.

போன கிழமை ஒரு இரவு மழையும் இடியுமாகக் கரண்ட் போய்விட்டது. மோட்டர் நின்றது. காற்று இல்லாமல் விடியும்போது இரண்டும் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மா விடவில்லை, வலைக்குள்ளேயே படுத்திருந்தேன். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் எட்டு வாலை விரித்துக்கொண்டு திரிகிறது, இருபத்தைந்து கண்ணாடிக்குக் கிட்ட வந்து என்னிடம் தீனி கேட்கிறது. கன நாளாக நான் அப்படிக் கண்டதில்லை. அடுத்த இரவு கரண்ட் இருந்தது, மோட்டர் ஓடியது. காலையில் இரண்டும் மேலே நின்று வாயைப் பிளந்தன.

மோட்டர் நின்றால் சுகம், ஓடினால் வருத்தம். நீங்கள் இருந்தால் உடனே அதைக் கழற்றியிருப்பீர்கள். உங்கள் பெட்டியில் இருந்து திருப்புளியை எடுத்து நானும் கழற்றினேன். உள்ளே துப்புரவாகத்தான் இருந்தது. திரும்பப் பூட்டினேன். நேற்று அம்மா திரியைக் கொளுத்தி வைத்துவிட்டுக் குசினிக்குள் போன நேரம், தண்ணீருக்குள் கிடந்த குழாயின் முனையை வெளியே எடுத்து மூக்கருகில் பிடித்தேன். திரி மணந்தது, அப்பா. மெல்லியதாக இல்லை, முகத்தில் ஊதியது. குனிந்து பார்த்தேன். மோட்டருக்குப் பக்கத்தில் சாசரில் திரி எரிகிறது. கால் படாத இடம் என்று அம்மா அங்கே வைக்கிறார். அந்தப் புகையை மோட்டர் இழுத்து, இரவு முழுக்கத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தது. மாசிக்கருவாடு என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒருவரையும் தேடி அவை போகவில்லை என்று தெரிந்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு வேறொரு பயம் வந்தது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கொளுத்தாததால் உங்களைப் பறிகொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம், கொளுத்தியதால் உங்கள் மீன்கள் செத்தன என்று எப்படிச் சொல்வது?

அதனால் சொல்லவில்லை. இன்று பின்னேரம் இருபத்தைந்து திரும்பவும் சரிந்துவிட்டது. இன்னுமொரு இரவு தாங்காது. அம்மாவின் அறையில் சத்தம் அடங்கிவிட்டது. நான் வலையைத் தூக்கி, சத்தம் போடாமல் போய் மோட்டரை நிறுத்தப் போகிறேன். விடிய முதல் எழும்பித் திரும்பப் போட்டுவிடுவேன். போய்விட்டு வருகிறேன்.

அப்பா, வந்துவிட்டேன். இப்போது இன்னும் சின்னதாகத்தான் எழுத வேண்டும். ஏனென்று சொல்கிறேன்.

முன்அறையில் திரியின் சிவப்புப் பொட்டு மட்டும் தெரிந்தது. சுவிச்சைத் தடவிப் பிடித்து நிறுத்தினேன். கை எடுக்கவில்லை, அதற்குள் அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல்.

"ஏன் அது நிண்டது?"

நான் மேசையோடு ஒட்டிக்கொண்டேன்.

"கரண்டோ?"

"இல்லை அம்மா. நான்தான் நிப்பாட்டினனான்."

"வலையை விட்டு வெளியில வந்தனியோ?" அம்மா எழும்பி வந்து லைட்டைப் போட்டார். தலைமயிர் அவிழ்ந்திருந்தது. நித்திரை கொண்ட முகம் இல்லை அது. "ஏனடி?"

மோட்டரைத் திரும்பப் போட்டு, குழாயை வெளியே எடுத்து அம்மாவின் மூக்கருகில் பிடித்தேன். "மணந்து பாருங்கோ."

அம்மா மணந்தார். குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நானோ?" என்று கேட்டார்.

"நீங்கள் இல்லை அம்மா. திரி."

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். நான் இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்த மற்றதையும் அப்போது சொல்லிவிட்டேன். "அப்பாவுக்குக் கடிச்சது இரவு நுளம்பு இல்லை அம்மா. டெங்கு நுளம்பு பகல்லதான் கடிக்குமாம். பள்ளிக்கூடத்தில வந்து சொன்னவை. வாடியில படகுகளுக்கை மழைத்தண்ணி நிண்டதுதானே. இரவில திரி கொளுத்தியிருந்தாலும் ஒண்டும் மாறியிருக்காது."

"எப்பயிருந்து உனக்குத் தெரியும்?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளா வைச்சுக்கொண்டு இருந்தனியோ?"

"ஓம்."

நான் சொன்னதை அம்மா நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மேசைக்குக் கீழிருந்த சாசரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளிப்படியில் வைத்துவிட்டு வந்தார். விறாந்தையில் இருந்ததையும் தன் அறையில் இருந்ததையும் கொண்டுபோய் வைத்தார். யன்னல் ஒன்றைத் திறந்தார். துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஊதும் சத்தம் கேட்டது. யன்னல் அடைத்திருந்த இவ்வளவு நாளும் அதுவும் உள்ளே வரவில்லை.

நான் மோட்டரை நிறுத்திவிட்டு, வாளித் தண்ணீரை எடுத்துவந்து வழக்கம்போலப் பாதித் தண்ணீரை மாற்றினேன். அம்மா வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவர் ஆர், சரிஞ்சு கிடக்கிறவர்?"

"இருபத்தைஞ்சு."

"கொப்பருக்கு வேற பேர் கிடைக்கேல்லை" என்றார்.

புகை எல்லாம் போகட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்திருந்தோம். பிறகு அம்மாவே, "இனி அதைப் போடு" என்றார். "அந்தச் சத்தம் நிண்டா எனக்கு நித்திரை முறியுது."

"தொட்டியைக் குடுக்கப்போறன் எண்டு சொன்னீங்கள்."

"சொன்னனான்தான்" என்றார். அவ்வளவுதான்.

திரி இல்லாத அறையில் படுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு என் வலைக்குள் வந்து, "தள்ளிப் படு" என்றார். இப்போது எனக்கும் சுவருக்கும் நடுவில் நித்திரை கொள்கிறார். அதனால்தான் டோர்ச்சைச் சட்டைக்குள் பிடித்துக்கொண்டு இவ்வளவு சின்னதாக எழுதுகிறேன். இருபத்தைந்து விடியும்வரை இருக்குமோ தெரியாது. போய்ப் பார்க்கவும் ஏலாது, வலையைத் தூக்கினால் அம்மா எழும்பிவிடுவார். எட்டுக்கு ஒன்றும் வராது என்று நினைக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேர் படுப்பதற்கு இந்த வலை காணாது. அம்மாவின் கால் போய் வலையில் முட்டிக்கொண்டு இருந்தது. வெளியில் ஒரு நுளம்பு அந்த இடத்துக்கே வந்து வந்து இரைந்தது. எழும்பி, காலை மெதுவாகப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டேன். அம்மா நித்திரையிலேயே மடக்கிக்கொண்டார்.

திரி ஒன்றைத்தான் மாற்றியிருக்கிறோம், அப்பா. இப்போது சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.