செவ்வாயில் பன்னிரண்டு புட்டி பொர்தோ

நாள் 60, காலை 10:00

காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. வெளியே மைனஸ் 61.

இதைப் பின்னால் வாசிப்பவருக்கு: என் பெயர் மார்செலின், வேதியியலாளர், ஊர் புதுச்சேரி. உடன் வந்த இருவரும் கப்பலோடு திரும்பிவிட்டார்கள். அடுத்த குழு வருவது நாள் 760-இல். அதுவரை இந்த நிலையத்தை நிற்காமல் ஓட்டுவது என் வேலை.

கூடவே ஒரு சிறு ஆய்வு: செவ்வாயில் ஒயின் எப்படிப் பக்குவப்படுகிறது என்று. பிரான்ஸின் பொர்தோ பகுதியில் விளைந்த சிவப்பு ஒயின், பன்னிரண்டு புட்டி. எந்தக் கடையிலும் கிடைக்கும், யாரும் வாங்கக்கூடிய விலை. உயர்ந்த ஒயின் பக்குவப்பட இருபது வருடம் எடுக்கும். மலிவான ஒயின் இரண்டே வருடத்தில் இளமையையும் முதுமையையும் காட்டிவிடும். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம். அறுபது நாளைக்கு ஒரு புட்டி. அதே பெட்டியின் ஜோடி புதுச்சேரியில் பிலவேந்திரனிடம் இருக்கிறது. பதினைந்து வருடமாக ஒரே ஆய்வகத்தில் என் எதிர் மேசைக்காரர்.

முதல் புட்டி. நிறம்: நாவற்பழச் சாறு. மணம்: பிளம்ஸ், கொஞ்சம் பச்சை மிளகு. நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு.

பதினான்கு நிமிடம் கழித்துப் பூமியிலிருந்து பிலவேந்திரனின் குரல்: "ரொம்ப முரடா இருக்கு மார்செலின். காலேஜ் மொத வருஷத்துப் பையன் மாரி. போவப் போவ அடங்கும்."

நாள் 240, காலை 10:00

நான்காவது புட்டி. துவர்ப்பு அடங்கிவிட்டது. நிறம் மாணிக்கச் சிவப்பு. மணத்தில் காய்ந்த புகையிலை. அதற்கு அடியில் நனைந்த மண்.

நனைந்த மண்ணை முகர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வெளியே கண் எட்டும் மட்டும் மண்தான், ஒரு சொட்டு நனையாத மண். குவளையை மூக்கை விட்டு எடுக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இது ஆய்வு முறையில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பிலவேந்திரன்: "நனைஞ்ச மண்ணுன்னு எழுதி அனுப்பிட்டு உன் குறிப்ப தொறக்கறேன், நீயும் அதையே எழுதிருக்க. பக்கத்துல உக்காந்து குடிச்ச மாரி இருந்துச்சிம்மா."

இந்தச் செய்தியை ஆறு முறை கேட்டேன்.

நாள் 300, காலை 10:20

ஐந்தாவது புட்டி கெட்டுவிட்டது. மணமே இல்லை. வாயில் புளிப்புத் தண்ணீர். விதியை மீறி ஆறாவதையும் திறந்தேன். அதுவும் அப்படியே. கதிர்வீச்சாக இருக்கலாம். கருவியில் எடுத்த ஒயினின் அளவீடுகளை அனுப்பியிருக்கிறேன்.

நாள் 300, மதியம் 1:05

பிலவேந்திரன்: "உன் அளவையும் என் அளவையும் பக்கத்துல வச்சிப் பாத்துட்டேன். ஒரு வித்தியாசமும் இல்ல. ஒயின் நல்லாத்தான் இருக்கு மார்செலின். பயப்படாம ஒண்ணு செய். காப்பித்தூள மோந்து பாரு. அப்புறம் சோப்ப."

காப்பித்தூள்: இல்லை. சோப்பு: இல்லை. என் சொந்த வியர்வை: இல்லை.

கெட்டது ஒயின் அல்ல.

நாள் 301, காலை 7:30

மூக்கைக் கொல்லக்கூடிய பொருள் இங்கே ஒன்றுதான். குளிரூட்டும் குழாய்களில் ஓடும் அமோனியா. சென்சார் பூஜ்யம் காட்டுகிறது. பதிவைப் பின்னோக்கிப் புரட்டினேன். 130 நாளாக அதே பூஜ்யம், ஒரு முறைகூட அசையவில்லை. சென்சார் செத்துப்போய் நாலு மாதம். மாற்றுச் சென்சாரும் வேலை செய்யவில்லை. அமிலம், காரம் பார்க்கும் தாள்களை முந்தைய குழுவே தீர்த்துவிட்டது.

திறந்த ஆறாவது புட்டி மேசையில் இருக்கிறது. சிவப்பு ஒயினில் அமோனியா போன்ற காரம் பட்டால் நீலமாகும், பச்சையாகும். பள்ளிப் பாடம். பனியனைக் கிழித்து ஒயினில் நனைத்துப் பதினெட்டு இடத்தில் தொங்கவிட்டேன்.

நாள் 301, காலை 9:10

பதினேழு துணி சிவப்பு. ஒன்று மயில்கழுத்துப் பச்சை. என் படுக்கையின் தலைமாட்டில் தொங்கியது.

நாலு மாதமாகக் கசிவில் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன். துளித்துளியாகக் கசிந்ததால் மூக்கு பழகிப் பழகியே செத்திருக்கிறது.

நாள் 305, மாலை 4:00

குழாய் மூட்டை அடைத்தேன். படுக்கையறையைப் பூட்டிவிட்டேன். இனிச் சமையல் மேடைக்குக் கீழேதான் தூக்கம். மூக்கு திரும்புவது சந்தேகம் என்கிறார் பூமியிலுள்ள மருத்துவர்.

மீதி ஒயின் இனிக் காவலுக்கு. தினம் காலையில் ஒரு துணி. சுவைப்பதைப் பிலவேந்திரன் இருவருக்குமாகச் செய்வார்.

நாள் 480, காலை 10:00

எட்டாவது புட்டி. பிலவேந்திரன்: "இன்னைக்கி நீயும் ஒரு வாய் ஊத்திக்க. நான் சொல்லச் சொல்லக் குடி. மொதல்ல அத்திப்பழம் வருது. காஞ்ச அத்தி. அப்புறம் தோலு, புது செருப்புக் கடைக்குள்ள போன மாரி. துவர்ப்பு போயே போச்சி. கொஞ்சம் சோர்ந்துட்டான். ஆனா நல்லவன். இப்ப முழுங்கு."

முழுங்கினேன். எல்லாம் தெரிந்தது என்று பதில் அனுப்பினேன். பொய். அவர் பேச்சு நின்றதும் குவளையில் இருந்தது வெறும் ஈரம்.

நாள் 598, காலை 9:00

பூமி சூரியனுக்குப் பின்னால் போகிறது. பதினாறு நாள் தொடர்பு இருக்காது.

பிலவேந்திரனின் கடைசிச் செய்தி, பாதி இரைச்சல்: "கேளு, முக்கியம். ஒயின் செங்கல் நெறத்துக்கு வந்துடுச்சி. வயசான ஒயின் காரம் பட்டாலும் சரியா நெறம் மாறாது. இங்க செஞ்சி பாத்துட்டேன். துணிய நம்பாத. கண்ணு எரிஞ்சிதுன்னா யோசிக்காத, விண்வெளி உடைய மாட்டிக்க... மார்செலின்? நான் இங்கதான்..."

மீதி இரைச்சல்.

நாள் 606, காலை 8:00

துணி: செங்கல் நிறம். நேற்றும் அதே.

அவர் பழைய குரல்பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். நான்காவது புட்டி. பக்கத்தில் உட்கார்ந்து குடித்த மாதிரி. அழுதேன். கண் எரிகிறது. அழுததால்.

காலை 9:15

துணி: செங்கல் நிறம். பழுப்பாகவும் சொல்லலாம். மூக்கு இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

உடையில் இருப்பது எட்டு மணி நேரக் காற்று. தொடர்பு திரும்ப எட்டு நாள். வீணாக அணிந்துவிட்டால் அது போச்சு, மறுபடி நிரப்ப வழியில்லை. கண்ணைக் கழுவினேன். அழுத கண் அப்படித்தான் எரியும்.

காலை 11:40

அழுகை நின்று மூன்று மணி நேரம் ஆகிறது.

கண் எரிகிறது.