பின்னட்டையில் நீயும் நானும்

என் உயிரான கோமதி அக்காவுக்கு,

நீ போய் ஏழு வருஷம் கழித்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

போன மாதம் என் புத்தகம் ஜெர்மன் மொழியில் வந்தது. தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "டீச்சரம்மா, சீமையில இருந்து பார்சல்!" என்று வகுப்பே கேட்கச் சொன்னார். வழவழவென்று தாள், கெட்டி அட்டை. ஓர் எழுத்தும் புரியாமல் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தேன். சிரிப்பு அடங்கவேயில்லை. பிறகு பின்னட்டையைத் திருப்பினேன்.

குற்றாலத்தில் சீசன் சமயம் ஈரத்தலையோடு நாம் இரண்டு பேரும் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டோமே, அந்தப் படம். என் முகத்தை மட்டும் போடும்படி எழுதித்தான் அனுப்பியிருந்தேன். முழுசாகப் போட்டுவிட்டார்கள்.

தமிழில் புனைபெயரில் வந்ததால் அது உன் கதை என்று யாருக்கும் தெரியாது. கடைசிக் காய்ச்சலில் பதினோரு நாள் கிடந்த உன்னை அத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாததை அப்படியே எழுதியிருக்கிறேன். அவருக்குத் தெரிந்தால்? மாதம் ஒரு முறை என்னிடம் வரும் உன் மகள் மீனாவை நிறுத்திவிட்டால்? அத்தான் ஊரான அச்சன்புதூர் பஸ் சத்தம் கேட்டாலே வாசலை எட்டிப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தேவிட்டார்.

"ஏட்டி செண்பகம், உன் சீமைப் புஸ்தகத்தைப் பத்தித்தான் எல்லாரும் சொல்லுதாங்க. எங்க, காட்டு."

கொடுத்தேன். பின்னட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"கோமதி படம் எதுக்கு இங்கன இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம் அக்கா. என்ன சொன்னாலும் நம்பியிருப்பார். ஆனால் அவர் கட்டைவிரல் உன் முகத்தின் மேல் இருந்தது.

"அது அக்கா கதை அத்தான்."

"நானும் வாரேனா அதுல?"

"வாரீங்க. அந்தப் பதினோரு நாளும் வருது."

அடிப்பார் என்றே நினைத்தேன். சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் புத்தகத்தைக் கட்டிலில் வைத்தார். செருப்பை மாட்டும்போது, "மீனா கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

இந்த மாதம் மீனா வரவில்லை. கோபத்தில் அனுப்பவில்லையா, என்னைவிட அவருக்குத்தான் பயமா? அவரோடு வாழ்ந்தவள் நீ, உனக்குத் தெரிந்திருக்கும். நானோ கதவு ஆடினாலே அவர்தானோ என்று எழுந்து நிற்கிறேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அச்சன்புதூர் போகிறேன். கதவைச் சாத்தினால் திறக்கும்வரை வாசலில் நிற்பேன். மீனாவுக்கு விவரம் புரியும் வயது வரும்போது, நீ எப்படிப் போனாய் என்பதை என் வாயாலேயே சொல்வேன். பயந்துகொண்டேதான் சொல்வேன் அக்கா. ஆனால் அந்தப் பதினோரு நாளில் ஒரு நாளையும் விட்டுவிட மாட்டேன்.

உன் தங்கை,
மீனாவின் சித்தி,
செண்பகம்