அப்பா கை நீட்டிய பெட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கு வலது கை இன்னும் எழவில்லை, பேச்சும் வரவில்லை, ஆனால் சாப்பாடு இறங்குகிறது. போனில் சொன்னால் நடுவிலேயே உடைந்துவிடுவேன், அதனால்தான் கடிதம். தம்பி உயிரோடு நல்லபடியாக இருக்கிறான், அதை முதலில் சொல்லிவிட்டேன், பதறாமல் படி.

அவன் படகு ஆழ்கடலுக்குப் போய்விட்டால் போன் எட்டாது, சிற்றலை ரேடியோ ஒன்றுதான் கதி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவான், அப்பா படுத்ததிலிருந்து நான்தான் மைக்கைப் பிடிக்கிறேன். இந்தத் தடவை அவன் போனதிலிருந்து ரேடியோவில் ஒரே இரைச்சல், வாணலியில் எண்ணெய் பொரிகிற மாதிரி, அவன் குரல் ஒரு சொல்கூட இல்லை. கடலில் காற்று பலமாகும் என்று எச்சரிக்கை வேறு. அந்தப் பயத்தில், எதிரே இருக்கும் வெல்டிங் பட்டறைக்காரரிடம், உங்கள் மெஷின்தான் என் பிள்ளை வாயை அடைக்கிறது என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டேன். அவர் மறுநாள் ஆறு மணிக்கு முன்பே பட்டறையைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "அக்கா, நான் மெஷினைத் தொடவே இல்ல, இப்பவும் இரையுதே" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை எனக்கு.

இதற்கு நடுவில் அப்பா இடது கையை நீட்டி நீட்டி, கட்டில் பக்கத்துச் சுவரில் இருக்கும் நீ அனுப்பிய பெட்டியையே காட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் ஒயர் வழியாகவே இன்டர்நெட்டை அப்பா படுத்திருக்கும் பின் அறைக்குக் கொண்டுவருகிற பெட்டி, தம்பிதான் கிளம்புவதற்கு முந்தின நாள் முன் அறையில் ஒன்று, இங்கே ஒன்று என்று ஜோடியாக மாட்டிவிட்டுப் போனான். அது வந்த பிறகுதானே படுத்த இடத்திலிருந்தே உன் முகத்தைப் பார்க்கிறார், அதனால் மகளைக் கேட்கிறார் என்றே நினைத்தேன். நீ வேலையில் இருக்கும்போது திரும்பத் திரும்பக் கூப்பிட்டேனே, நீயும் எழுந்து வந்து பேசினாயே, அவர் உன்னைப் பார்க்காமல் சுவரையே காட்டினார், உனக்கும் மனசு கஷ்டப்பட்டது.

பட்டறைக்காரர் வந்து நின்றதற்கு அடுத்த நாள் சாயங்காலம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இருக்கியா கண்ணு, இருக்கியா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது தெருவுக்கே கரண்ட் போயிற்று. ரேடியோ பேட்டரியில் ஓடுகிறது. இரைச்சல் கத்தரித்த மாதிரி நின்றது, இருட்டுக்குள் தம்பி குரல். "அம்மா, நீ பேசுறது தினமும் எனக்கு நல்லா கேக்குதும்மா, அழாத. நான் பேசுறதுதான் உனக்குக் கேக்கல." என்ஜின் நின்றுபோய் இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வருகிறதாம். சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் வந்தது, இரைச்சலும் கூடவே வந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன், மறுபடியும் அவன் குரல். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவன் பேசி முடித்ததும் மெயினைப் போட்டு ஃபிரிட்ஜ், மோட்டார், டிவி என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன், கடைசியில் உன் பெட்டிகளைப் பிடுங்கியதும் ரேடியோ அமைதியாயிற்று. அப்பா கையை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கப்பல் கப்பலாக ரேடியோ ஆபரேட்டர் வேலை பார்த்த மனுஷர், அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. பிடுங்கு பிடுங்கு என்று அவர் கையாலேயே கதற, நான் பாட்டுக்கு உன்னைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை, நீ ஆசையாக அனுப்பியது. ஆனால் அங்கேயும் இப்படிப் பெட்டி வைத்திருந்தால் அக்கம்பக்கத்தில் ரேடியோ வைத்திருப்பவர் உண்டா என்று விசாரித்துக்கொள், நம் வசதி அடுத்தவர் காதை அடைக்கக் கூடாது. பட்டறைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன், விடுங்கக்கா என்று சொல்லிவிட்டு, பின் அறைக்கு இன்டர்நெட் ஒயரைத் தனியாக இழுக்க அவரே ஆள் அனுப்புகிறாராம்.

நேற்று தம்பி தெளிவாகப் பேசினான், கரை கிட்டத்தில் வந்துவிட்டதாம். ரேடியோவை அணைத்ததும் அப்பா மறுபடியும் இடது கையைத் தூக்கி பெட்டி இருந்த அந்த வெறும் பிளக் பாயிண்டைக் காட்டினார். அதுதான் பிடுங்கியாச்சே என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார், கை இறங்கவில்லை, கண்ணில் தண்ணீர். இந்தத் தடவை அவர் உன்னைத்தான் கேட்டார்.

ஒயர் வரும்வரை காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து முன் அறைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறேன், கூப்பிடு, பேத்தியை முன்னால் நிறுத்து. சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் வேண்டாம், அது தம்பி நேரம். நோய் நொடி அண்டாமல் நீங்கள் மூவரும் நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
(அப்பாவின் இடது கைக் கீறலும் கீழே இருக்கிறது, பேனாவைப் பிடுங்கி அவரே போட்டது)