பெட்டியை இறக்கிய இடம்

மச்சான்,

நேற்று உப்புக்குளத்தில் என் பட்டறையில் உட்கார்ந்து முழங்காலுக்கு நோவெண்ணெய் தேய்த்தேன். மூடியைத் திறந்ததுமே உன் வாசனை வந்துவிட்டது. செத்தவர்களை மல்லிகையோடும் சந்தனத்தோடும் நினைக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு உன்னை நினைக்க வாய்த்தது இதுதான். நீ காலில் தேய்த்த எண்ணெயில் ஒரு வள்ளத்தையே மிதக்க விட்டிருக்கலாம் என்று நினைத்துத் தனியே சிரித்தேன். உன்னை அடக்கம் செய்து ஒரு மாதம்தான் ஆகிறது. சிரிக்க முடிந்த காரணத்தை உனக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு சண்டைகளுக்கு நடுவில் கிடைத்த சமாதான காலம்தான் உன் ஆட்டக் காலம். சண்டையில் பூட்டிக் கிடந்த பாதை திறந்ததும் கொழும்பு உதைபந்தாட்டக் கழகத்துக்காரர் ஒருவர் வந்தார். தலைமன்னார் மணலில் வெறுங்காலோடு ஓடிய உன்னைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் மாதச் சம்பளத்துக்குப் பந்தடித்த முதல் ஆள் நீ. உன் அம்மாவுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. "பந்தடிக்கிறது சரி தம்பி, வேலை என்ன செய்யிறாய்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பா.

கொழும்பிலிருந்து மாலைதீவுக்குப் போனாய். முதல் வருசம் உன்னைத் தோளில் தூக்கினார்கள். இரண்டாம் வருசம் வலது முழங்கால் போனது, ஒப்பந்தமும் போனது. பஸ்ஸால் நொண்டி இறங்கிய உன்னிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். "அங்கயும் கடல்தான், இஞ்சயும் கடல்தான். நடுவில முழங்காலை விட்டிட்டு வந்திட்டன்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். உன் முகம் சிரிக்கவில்லை என்பதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

கால் ஓரளவு தேறியபோது கோயில் பெருநாள் கிண்ணப் போட்டி வந்தது. அந்தக் கால் தாங்காது என்று நம்மூர்க் கழகம் உன்னைச் சேர்க்கவில்லை. பக்கத்து ஊர்க் கோயில் பங்குக்காரர் கூப்பிட்டார்கள். இறுதி ஆட்டத்துக்கு வந்தது அவர்களும் நம்மூரும்தான். வழக்கப்படி இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை, அவர்களுடைய கோயில் பீடத்தில் ஜேர்சிகளை வைத்து ஃபாதர் செபம் சொல்லி மந்திரித்தார். நீ முழங்காலில் நின்று உன்னுடையதை வாங்கினாய்.

மறுநாள் காலை நம்முடைய முன்வரிசைப் பெடியனுக்குக் காய்ச்சல். உன்னைக் கூட்டிவர சூசை வந்தான். நம் கோலுக்குள் நிற்கிறவன், உன்னோடு ஒரே வள்ளத்தில் வளர்ந்தவன்.

"அந்த ஜேர்சியைக் குடுத்திட்டு வாடா. நாங்கள் உன்ர சொந்த ஊர்."

"புனிதருக்கு முன்னால வாங்கினதை எப்பிடியடா திருப்பிக் குடுக்கிறது? நீ குடுப்பியோ?"

சூசை திரும்பி நடந்தான். அவனும் கொடுத்திருக்க மாட்டான்; அதுதான் அவனுக்குக் கோபம். ஆட்டம் முடியும் நேரத்தில் பெனால்டி. நீ அடித்தாய், சூசை மற்றப் பக்கம் பாய்ந்தான், கிண்ணம் அவர்களுக்குப் போனது. நீ கையைக்கூட உயர்த்தாமல் தலையைக் குனிந்து நின்றாய். நம்மூர்க்காரர் அதையும் நடிப்பு என்றார்கள். பிறகு சண்டை திரும்பி வந்தது, உன் ஆட்டமும் அதோடு முடிந்தது. மீனுக்கு ஐஸ் அடிக்கிற வேலைக்குப் போனாய். சூசை கடைசிவரை உன்னோடு பேசவே இல்லை.

ஆட்டக்காரன் ஒருவன் செத்தால் பெட்டியை மைதானத்துக்குள் கொண்டுபோய், நடுக்கோட்டில் இறக்கி, ஒரு நீண்ட விசில் ஊதிவிட்டுத்தான் புதைக்கச் சேமக்காலைக்குக் கொண்டு போவோம். ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அதைப் பற்றித்தான்.

"என்னை நேர சேமக்காலைக்குக் கொண்டு போ மச்சான். கழகத்துக்காரங்கள் மைதானக் கேற்றைப் பூட்டி வச்சால் றீற்றா தாங்கமாட்டாள்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? உன் மனைவி றீற்றாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பூட்டிய கேற்றுத்தான் எனக்கும் தெரிந்தது.

அடக்க நாளன்று பாதை பிரியும் இடத்தில், மைதானத்துக்குப் போகாமல் இடது பக்கம் திரும்பும்படி முன்னால் போனவர்களுக்குச் சொன்னேன். அங்கே சூசை பாதைக்குக் குறுக்கே நின்றான். இப்போது அவன்தான் கழகத் தலைவர்.

"எங்க கொண்டு போறியள்?"

"சேமக்காலைக்கு. அவன் அப்பிடித்தான் சொன்னவன்."

சூசை பெட்டியைப் பார்த்துச் சொன்னான்: "நான் அவனோட கதைக்கேல்லைத்தான். அது எனக்கும் அவனுக்கும் உள்ள விசயம். அதுக்காக ஒரு ஆட்டக்காரனை றோட்டால கொண்டு போறதோ?" பிறகு றீற்றாவிடம் திரும்பினான். "தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ."

றீற்றா மைதானத்துப் பக்கம் தலையை ஆட்டினாள்.

கேற் அகலத் திறந்து கிடந்தது. நடுக்கோட்டில் பெட்டியை இறக்கப் போனோம். "அங்க இல்லை, இஞ்ச" என்று சூசை கோலுக்கு முன்னால் கூட்டிப் போனான். பெனால்டி அடிக்கும் இடத்தைக் காலால் காட்டினான். "இதில நிண்டுதான் என்னை ஏமாத்தினவன். இதில வையுங்கோ."

வைத்தோம். கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, அவன் மெல்ல நடந்துபோய்க் கோலுக்குள் உன்னைப் பார்த்து நின்றான். இந்த வயதிலும் முழங்காலை மடக்கி, கையை விரித்து நின்றான். நான் ஊதினேன். அவன் எந்தப் பக்கமும் பாயவில்லை. றீற்றா அழுதுகொண்டே சிரித்தாள். அவள் தோளிலிருந்து ஏதோ இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். என்னிடமிருந்தும் இறங்கியது.

இத்தனை வருசமும் மைதானத்தைச் சுற்றிப் போனவள், இப்போது கடைக்கு அதுக்குக் குறுக்கால்தான் போகிறாளாம். விசிலைச் சூசை திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, சட்டைப்பையில் கிடக்கிறது. நீ கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று மச்சான், அதையும் நான் செய்யவில்லை. செய்யாமல் விட்டதை நினைத்துத்தான் தினமும் நிம்மதியாக நித்திரைக்குப் போகிறேன்.